மூன்றாக உடைந்த ஃபெரைட் காந்தம்: ஓர் ஒலிபெருக்கியைச் சீரமைத்த பதிவு

இணையாகப் பயன்படுத்திவந்த எட்டு அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டில் ஒன்றைப் பெட்டியிலிருந்து கழற்றி மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். அது சரிந்து, காந்தம் இருக்கும் பின்பக்கம் தரையில் மோதும்படி விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது கூம்பில் கிழிசல் இல்லை; சட்டமும் நெளியவில்லை. ஆனால் கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்தினால், பாதி தூரம்கூடப் போகாமல் நறநறவென்று எதிலோ உரசி நின்றது. மல்டிமீட்டரில் வாய்ஸ் காயிலின் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளின்) மின்தடை 5.7 ஓம் என்று காட்டியது. பழுதில்லாத இணையும் அதே அளவைக் காட்டியதால் சுருள் அறுபடவில்லை என்பது உறுதியானது. பின்பக்கத்தைத் திருப்பி விளக்கொளியில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் கறுப்பு ஃபெரைட் காந்த வளையத்தின் வெளிவிளிம்பில் மேலிருந்து கீழாக மூன்று விரிசல்கள் ஓடியிருந்தன; ஓரிடத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

உடைந்த காந்தம் வலுவிழந்துவிடும், ஒலிபெருக்கியைத் தூக்கியெறிய வேண்டியதுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது எப்போதும் சரியல்ல என்பதை இந்த வேலையில் அளந்தே பார்க்க முடிந்ததால் இதை எழுதுகிறேன். வளையம் தன் தடிமன் திசையில் காந்தமாக்கப்பட்டிருக்கிறது. ஒரு தட்டையான முகம் முழுவதும் வடமுனை, மறுமுகம் முழுவதும் தென்முனை. விரிசல்களும் அதே திசையில்தான், முகத்திலிருந்து முகத்துக்கு ஓடின. காந்தப்பாயம், அதாவது காந்த விசைக்கோடுகளின் ஓட்டம், விரிசலைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. அதற்கு இணையாகவே செல்கிறது. ஒரு கற்றை வைக்கோலை நீளவாக்கில் மூன்று பிடிகளாகப் பிரித்தால் ஒரு தாளும் அறுபடாதல்லவா, அதுபோன்றதுதான் இது. ஆகவே இங்கே பழுது காந்தத்தின் வலுவில் இல்லை. துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியதால், சுருளுக்குள் நிற்கும் இரும்பு நடுத்தண்டு மையத்திலிருந்து நகர்ந்துவிட்டது. உதிர்ந்த பொடி சுருள் அசையும் இடைவெளிக்குள் புகுந்துவிட்டது. இவை இரண்டையும் சரிசெய்தால் போதும் என்று கணக்கிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கழற்றுவதற்கு முன் செய்த ஒரு சிறு காரியம் பின்னர் பெரிதும் உதவியது. வளையத்தின் வெளிவிளிம்பில், ஒவ்வொரு துண்டின் மேலும் பின்தகட்டை நோக்கி வெள்ளை வண்ணத்தில் ஓர் அம்புக்குறி வரைந்தேன். ஒவ்வொரு விரிசலின் இருபக்கமும் ஒரே எண்ணை எழுதினேன். ஒரே திசையில் காந்தமாக்கப்பட்ட இரண்டு துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று விலக்கும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் உடனே பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதாவது, தவறான அமைப்புதான் கைக்கு இயல்பாகத் தோன்றும். சரியான அமைப்பு முரண்டுபிடிக்கும். ஒரு துண்டைத் தலைகீழாக வைத்து ஒட்டிவிட்டால், அது மற்ற இரண்டின் காந்தப்பாயத்தைத் தகடுகளின் வழியாகத் தானே விழுங்கிவிடும். இடைவெளிக்கு மிஞ்சுவது மிகக் குறைவு.

அடுத்து, கூம்பை முழுதாக வெளியே எடுத்தேன். இணைப்புக் கம்பிகளை முனையங்களிலிருந்து ஈயப்பற்று உருக்கி விடுவித்து, கூம்பின் ஓரப் பட்டையின் அடியிலும், சுருளை மையத்தில் தாங்கும் மடிப்புத் துணியான ஸ்பைடரின் அடியிலும் அசிட்டோனைத் துளித் துளியாக விட்டு, பசை இளகிய பின் மெல்லிய கத்தியால் சுற்றிலும் பிரித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவசரப்பட்டால் ஸ்பைடரின் துணி கிழியும் என்பதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றுமில்லை.

கடினமான பகுதி காந்தத்தைத் தகடுகளிலிருந்து பிரிப்பது. தொழிற்சாலையில் காந்தமாக்கப்படாத வளையத்தைத் தகடுகளுடன் ஒட்டி, பசை இறுகிய பின்புதான் மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்னூட்டத்தை ஒரே கணத்தில் ஒரு பெரிய சுருளில் செலுத்திக் காந்தமாக்குகிறார்கள். எனவே அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாம் உயிருள்ள காந்தத்தோடு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இரும்புத் தகட்டோடு முகம் ஒட்டியிருக்கும் வளையத்தை நேராக இழுத்துப் பிரிப்பது கைவலுவுக்கு அடங்காது. அதற்கு மேல் எபாக்சிப் பசையும் பிடித்திருக்கிறது.

பசையை இளக்க வெப்பமே வழி. சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய மின் அடுப்பறை ஒன்றில், அறை வெப்பநிலையிலிருந்து 120 டிகிரி செல்சியஸ் வரை ஒன்றரை மணி நேரத்தில் படிப்படியாக ஏற்றினேன். ஃபெரைட் வெப்பத்தைத் தாங்கும். திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. அதன் கியூரி வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை, ஏறத்தாழ 450 டிகிரி. 250 டிகிரி வரை பயன்பாட்டில் வைக்கிறார்கள். ஆனால் அது சுட்டெடுத்த மட்பாண்டத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் புதிய விரிசல் விழும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியை ஒரே இடத்தில் காட்டிப் பசையை இளக்க முயல்வோர் வளையத்தை இழப்பது இதனால்தான்.

வெப்பம் காந்தத்தைக் கெடுத்துவிடாதா என்ற கேள்வி எழும். ஃபெரைட்டின் காந்தத் தேக்குத்திறன் (காந்தமாக்கியபின் தக்கவைக்கும் வலு) ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறைகிறது. 90 டிகிரி ஏறினால் 18 சதவீதம் போகிறது. குளிர்ந்ததும் அது முழுவதும் திரும்பிவிடுகிறது. காந்த நீக்குத்திறனோ (காந்தத்தை அழிக்க முயலும் எதிர்ப்புலத்தைத் தாங்கும் திறன்), நியோடிமியம் காந்தங்களில் நடப்பதற்கு நேர்மாறாக, சூடு ஏற ஏற உயர்கிறது. ஆகவே சூட்டில் ஃபெரைட் காந்தம் நிரந்தர இழப்புக்கு ஆளாவது கடினமாகிறது. அதன் உண்மையான பகை குளிர்தான். உறைநிலைக்கு வெகு கீழே, இரும்புத் தகடுகளின் துணையின்றித் திறந்து கிடக்கும் மெல்லிய ஃபெரைட் வளையம் தன் காந்தத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழந்துவிடக்கூடும்; மீண்டும் காந்தமாக்கினாலன்றி அது திரும்பாது. சில பசைகளைக் குளிர்வித்து நொறுக்கிப் பிரிக்கலாம் என்ற யோசனையை நான் கைவிட்டதற்கு இதுவே காரணம்.

அடுப்பறையிலிருந்து எடுத்ததும் தடித்த கையுறையுடன் பின்தகட்டுக்கும் வளையத்துக்கும் இடையே மர ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினேன். இரும்பு உளியை வைத்திருந்தால் அது காந்தத்தால் இழுக்கப்பட்டு விளிம்பைச் சிதைத்திருக்கும். நான்காவது தட்டில் தகடு விட்டுக்கொடுத்தது. நடுத்தண்டும் அதனுடன் வெளியே வந்தது. மேல்தகட்டில் ஒட்டியிருந்த மூன்று துண்டுகளையும் நேராகத் தூக்காமல், பக்கவாட்டில் நகர்த்தி விளிம்புக்கு வெளியே தள்ளி ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்தவற்றை ஒரு தடித்த இரும்புத் தகட்டின் மேல் தனித்தனியே வைத்தேன். ஒலிபெருக்கிகளுக்குத் தேக்குத்திறன் மிகுந்த ரகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றின் நீக்குத்திறன் மற்ற ஃபெரைட் ரகங்களைவிடக் குறைவு. சி5 என்று குறிக்கப்படும் ரகத்தில் தேக்குத்திறன் 3,800 காஸ், அதாவது 0.38 டெஸ்லா. அப்படிப்பட்ட துண்டை இரும்பின்றி, காந்தச் சுற்று திறந்த நிலையில் நீண்ட நேரம் கிடத்துவதைவிட இரும்போடு சேர்த்து வைப்பது நல்லது என்று கருதினேன்.

துண்டுகள் கைக்கு வந்தபின்தான் அந்த வளையத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது. வெளிவிட்டம் 100 மி.மீ., உள்விட்டம் 45 மி.மீ., தடிமன் 17 மி.மீ. பொறுக்கியெடுத்த சில்லுகளையும் சேர்த்து எடை 518 கிராம். கன அளவு 106.5 கன செ.மீ. என்பதால் அடர்த்தி 4.86 ஆகிறது, இது ஃபெரைட்டுக்குரிய எண்ணேதான். நியோடிமியம் காந்தமாக இருந்தால் 7.5 அளவில் வந்திருக்கும். இரு தட்டை முகங்களும் வழவழப்பாக இருந்தன. சாய்த்துப் பிடித்தால் சாணைக்கல்லின் மெல்லிய வரிகள் தெரிந்தன. வெளி, உள் விளிம்புகளோ சொரசொரப்பாக, சூளையிலிருந்து வந்தபடியே விடப்பட்டிருந்தன. ஒரு துண்டின் மூலையில் நல்ல அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். அரம் கண்ணாடிமேல் போல வழுக்கிச் சென்றதே தவிர ஒன்றும் தேயவில்லை. இவ்வளவு கடினமான பொருளை வைரத்தூள் பதித்த சாணையால்தான் தேய்க்க முடியும். அது செலவு மிகுந்த வேலை என்பதால், இரும்போடு பொருந்த வேண்டிய முகங்களை மட்டும் தேய்க்கிறார்கள்.

உடைந்த முகம் கரும்பலகைக் கல்லை உடைத்ததுபோல மங்கிய கருஞ்சாம்பல் நிறத்தில், மிக நுண்ணிய மணிகளுடன் இருந்தது. அந்த நுண்மைதான் இந்தக் காந்தத்தின் உயிர். இரும்பு ஆக்சைடையும் ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டையும், நிறையில் ஒரு பங்கு கார்பனேட்டுக்கு ஏறக்குறைய ஆறரைப் பங்கு ஆக்சைடு என்ற அளவில் கலந்து, 1,000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். எஃகுத் தகடுகளை அமிலத்தில் கழுவித் துருநீக்கும் ஆலைகளில் எஞ்சும் அமிலக் கரைசலிலிருந்து கிடைக்கும் ஆக்சைடே பெரிதும் பயன்படுகிறது. சுடும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறி, ஒரு ஸ்ட்ரான்சியம், 12 இரும்பு, 19 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட அறுகோணப் படிகம் உருவாகிறது. அதை ஒரு மைக்ரான் அளவுக்கு அரைக்கிறார்கள். அந்த அளவில் ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ ஒரே காந்தப் பகுதியாக ஆகிவிடுவதால், அதன் திசையைப் புரட்டுவது மிகக் கடினம். நீக்குத்திறன் உயர்வதன் மறைபொருள் அதுதான்.

அரைத்த மாவை நீரில் குழைத்து, வலுவான காந்தப் புலத்தின் நடுவே அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். துகள்கள் சேற்றில் சுழன்று ஒரே திசையை நோக்கித் திரும்பிக்கொள்ள, நீர் வடிகட்டி வழியே வெளியேறுகிறது. இவ்வாறு திசைப்படுத்திய வளையத்தில் 0.38 முதல் 0.43 டெஸ்லா வரை தேக்குத்திறன் கிடைக்கும். திசைப்படுத்தாமல் அழுத்தினால் 0.2 டெஸ்லாவைச் சற்றுத்தான் தாண்டும். பிறகு 1,200 டிகிரி அளவில் மீண்டும் சுடும்போது வளையம் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுருங்குகிறது. படிகங்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பதால் தடிமன் திசையிலும் குறுக்குத் திசையிலும் சுருக்கம் ஒன்றுபோல் இருப்பதில்லை. விளிம்பின் அளவு இடத்துக்கு இடம் அரை மி.மீ. மாறுபட்டதை என் அளவுகோலே காட்டியது.

நியோடிமியத்தின் 1.2 முதல் 1.4 டெஸ்லாவுடன் ஒப்பிட்டால் 0.4 என்பது மிகச் சிறிய எண். அதன் காரணம் படிகத்துக்குள்ளேயே இருக்கிறது. 12 இரும்பு அயனிகளில் 8 ஒரு திசையிலும் 4 அதன் எதிர்த்திசையிலும் காந்தத்தைத் திருப்பி நிற்கின்றன. எதிர்க்கும் நான்கும் தம்மோடு நான்கை ஈடுகட்டிவிட, மிஞ்சும் நான்கின் வலுவே வெளியே தெரிகிறது. ஒன்றையொன்று முழுவதும் ஈடுகட்டாத இந்த அமைப்பை லூயி நீல் 1948-இல் விளக்கி, அதற்கு ஃபெரி காந்தத்தன்மை என்று பெயரிட்டார்; 1970-இல் நோபல் பரிசும் பெற்றார். வலு குறைவாக இருந்தாலும் இதில் இரும்பு ஏற்கெனவே முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. இனித் துருப்பிடிக்க எதுவுமில்லை. ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றில் இருந்த இந்த ஒலிபெருக்கியின் தகடுகளில் துரு படிந்திருந்தது. இடையிலிருந்த வளையத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

இந்த வகைக் காந்தம் தற்செயலாகக் கிடைத்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. 1930-இல் டோக்கியோவில் யோகோரோ காட்டோவும் டகேஷி டகேயும் கோபால்ட் ஃபெரைட்டைக் காந்தமாக உருவாக்கியிருந்தனர். இன்றைய அறுகோண ஃபெரைட் 1950-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. குறைகடத்தி ஆய்வுக்காக லாந்தனம் கலந்த ஒரு மாதிரியைத் தயாரிக்க வேண்டிய உதவியாளர் தவறுதலாக வேறொன்றைத் தயாரிக்க, அது பேரியம் ஃபெரைட் என்றும் வலுவான காந்தம் என்றும் பின்னர் தெரியவந்தது. ஸ்ட்ரான்சியம் அதன் இடத்தைப் பிடித்தது 1960-களிலும் அதற்குப் பின்னரும்தான். ஃபெரைட்டுக்கு முந்தைய ஒலிபெருக்கிகளில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தம் உயரமான உருளையாக நடுவில் நிற்கும். அதன் தேக்குத்திறன் மிகுதி, நீக்குத்திறன் குறைவு. ஃபெரைட்டில் இது தலைகீழாக இருப்பதால், பரப்பு அகன்று உயரம் குறைந்த வளையமாக வெளியே அமர்கிறது. 1978-இல் கோபால்ட் விலை உயர்ந்தபோது அல்னிகோவைக் கைவிட்டு இந்த வடிவத்துக்கு மாறியவர்கள் பலர். பழைய அல்னிகோ ஒலிபெருக்கியை இதே முறையில் பிரித்தால், இரும்பிலிருந்து எடுத்த கணமே பெரும் வலுவை இழந்துவிடும் என்பதை இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும்.

சுத்தம் செய்வது நான் எண்ணியதைவிட நீண்டது. காந்தப் பொடி தூரிகைக்கு அடங்காது. ஓரிடத்தில் தட்டிவிட்டால் காற்றிலேயே வளைந்து வந்து பக்கத்து விளிம்பில் மீசைபோல் சிலிர்த்து நிற்கும். காகித ஒட்டுநாடாவை உள்ளங்கை அளவுக்குக் கிழித்து, ஒட்டும் பக்கத்தை மேற்பரப்பில் அழுத்தி அழுத்தி எடுத்தேன்; பதினைந்து துண்டுகளாவது செலவாயின. மூலைகளில் குழந்தைகள் விளையாடும் மென்களிமண்ணை அழுத்தி எடுத்தது நாடாவைவிடச் சிறப்பாக வேலை செய்தது. முகமூடியும் கண்ணாடியும் அணிந்துகொண்டேன். இரும்புத் தகடுகளிலிருந்த பழைய எபாக்சியைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தேன்.

துண்டுகளைச் சேர்க்க, முதலில் பின்தகட்டின் மேல் எபாக்சியை மெல்லிய படலமாகப் பூசி, மூன்றையும் எண்களின்படி வைத்தேன். 24 மணி நேரத்தில் இறுகும் மெதுவான ரகமே இதற்கு ஏற்றது. ஐந்து நிமிட ரகம் துண்டுகளைச் சரிப்படுத்த அவகாசம் தராது. இரும்பு அவற்றைக் கீழே பிடித்துக்கொண்டாலும் பக்கவாட்டில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருந்தன. ஆகவே வளையத்தைச் சுற்றிக் காந்தத்தில் ஒட்டாத துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் கிளாம்ப் ஒன்றைப் போட்டு, உடைந்த முகங்களில் எபாக்சி பூசி, திருகைக் கால் கால் சுற்றாக முடுக்கினேன். ஃபெரைட் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையிலும் வளைவிலும்தான் உடைகிறது. பட்டை தருவது நெருக்கம் மட்டுமே என்பதால் அது பொருத்தமான பிடி. மூன்று விரிசல்களிலும் நுனி நகம் உணராத அளவுக்கு முகங்கள் பொருந்தின. ஒவ்வொரு விரிசலிலும் 0.1 மி.மீ. பசை நின்றது என்று வைத்துக்கொண்டாலும், இழந்த பரப்பு மொத்தம் 8 சதுர மி.மீ.; வளையத்தின் முகப்பரப்போ 6,263 சதுர மி.மீ. நொறுங்கிப் பொருத்த முடியாமல் போன சில்லுகள் 9 கிராம். அதாவது 1.7 சதவீதம், விரிசலைவிடப் பல மடங்கு பெரிய இழப்பு அதுதான்.

மறுநாள் மேல்தகட்டை இறக்கும்போது தவறினேன். சட்டத்துடன் இணைந்த மேல்தகட்டை, நடுத்தண்டு அதன் துளையின் சரிநடுவில் வரும்படி வளையத்தின்மேல் அமர்த்த வேண்டும். தண்டுக்கும் துளைக்கும் இடையே 1.3 மி.மீ. இடைவெளி, சுருளின் இருபுறமும் மிஞ்சுவது கால் மி.மீ. அளவுதான். 0.1 மி.மீ. தடிமனுள்ள பாலியெஸ்டர் தாளைத் தண்டில் 12 சுற்றுகள் சுற்றி உறைபோல் செய்தேன்; 13 சுற்றுகள் இறுகிப் பிடித்தன. தகட்டைத் தாங்க மூன்று மர ஆப்புகளை வைத்தேன். ஆனால் அவை குட்டையாகவும் சரிவு மிகுந்தும் இருந்தன. கடைசி 10 மி.மீ. தூரத்தில் இழுப்பு திடீரென மிக, ஓர் ஆப்பு பிதுங்கி வெளியேறியது. தகடு ஒருக்களித்து டணாரென்று வளையத்தில் மோதியது. விரல் உள்ளே இல்லை. ஆனால் உறை கிழிந்தது. விளிம்பில் மேலும் ஒரு சில்லு பெயர்ந்தது. முன்சொன்ன 9 கிராமில் அதுவும் அடக்கம். நல்லவேளையாக மேல்முகத்தின் எபாக்சி இறுகவில்லை. தகட்டை நெம்பி எடுத்து, எல்லாவற்றையும் துடைத்து, நாடாவால் மீண்டும் பொடியை ஒற்றியெடுத்தேன்.

இரண்டாம் முறைக்கு, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நீண்ட ஆப்புகளைக் கடின மரத்தில் செதுக்கிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் முறைவைத்து 5 மி.மீ. வெளியே இழுத்தால் தகடு அந்தப் பக்கம் அரை மி.மீ. மட்டுமே இறங்கும். முப்பது நாற்பது சுற்றுகள் பொறுமையாகச் செய்ய, தகடு ஓசையே இல்லாமல் வளையத்தின்மேல் அமர்ந்தது. புதிய உறை தண்டில் இறுக்கமின்றி மேலும் கீழும் நகர்ந்தது; நான்கு திசைகளிலும் ஒரே உணர்வு. பிதுங்கிய எபாக்சியைத் துடைத்துவிட்டு ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வைத்தேன். பசைப் படலம் இங்கே மெல்லியதாக இருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு. விரிசலில் நிற்கும் பசை காந்தப்பாயத்துக்கு இணையாக இருக்கிறது. முகத்துக்கும் தகட்டுக்கும் இடையே நிற்கும் பசையை அது குறுக்கே கடந்தாக வேண்டும். இரு முகங்களிலும் 0.1 மி.மீ. வீதம் தங்கினால், 17 மி.மீ. காந்தத்தின் முன் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலான இழப்பு.

கூம்பை மீண்டும் ஒட்டியது வழக்கமான வேலை. நடுமூடியை அறுத்தெடுத்து, சுருளுக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய தாள்களைச் செருகி மையப்படுத்தி, ஸ்பைடரையும் ஓரப் பட்டையையும் ஒட்டி, காய்ந்தபின் தாள்களை உருவினேன். கூம்பை அழுத்தினால் இப்போது எந்த ஓசையும் இல்லை.

காந்தம் எவ்வளவு வலுவோடு மிஞ்சியது என்பதைக் காதால் கேட்டு முடிவுசெய்ய நான் விரும்பவில்லை. ஒலிபெருக்கியை வானம் பார்த்தபடி வைத்து, கூம்பின் உயரத்தை ஓர் ஊசிமுனையால் குறித்துக்கொண்டு, நடுவில் 100 கிராம் பித்தளை எடையை வைத்தேன். இரும்பு எடையாக இருந்தால் காந்தமே அதை இழுத்துக் கணக்கைக் கெடுத்துவிடும். எடையால் தாழ்ந்த கூம்பு மீண்டும் ஊசிமுனையைத் தொடும்வரை வாய்ஸ் காயிலில் நேர்மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினேன். அப்போது மின்னோட்டம் தரும் விசை, எடையின் 0.981 நியூட்டனுக்குச் சமம். விசையை மின்னோட்டத்தால் வகுத்தால், இடைவெளியின் காந்தச் செறிவையும் அதிலுள்ள கம்பியின் நீளத்தையும் பெருக்கிய அளவு கிடைக்கிறது. பழுதில்லாத இணைக்கு 0.140 ஆம்பியர் தேவைப்பட்டது, அதாவது 7.0 டெஸ்லா மீட்டர். சீரமைத்ததற்கு 0.145 ஆம்பியர், 6.77 டெஸ்லா மீட்டர். ஃபெரைட்டின் வலு வெப்பநிலையோடு மாறும் என்பதால் இரண்டையும் ஒரே அறையில், ஒரே மணி நேரத்தில், ஐந்து முறை அளந்தேன்.

இழப்பு 3.4 சதவீதம், ஒலி அளவில் 0.3 டெசிபெல். சில்லுகளாகப் போன 1.7 சதவீதமும் பசைப் படலங்களின் ஒரு சதவீதமும் இதில் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன. எஞ்சிய சிறு பங்கு, துண்டுகள் சுற்று திறந்து கிடந்த நேரத்தில் இழந்ததாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. மூன்று விரிசல்களும் சேர்ந்து கொண்டுபோனது கணக்கில் தெரியாத அளவு. முதல் முறை ஆப்பு வழுக்காமல் இருந்திருந்தால் இழப்பு இன்னும் குறைந்திருக்கும் என்ற வருத்தம் மட்டும் இருக்கிறது.

இதே வகை வளையங்கள் மைக்ரோவேவ் அடுப்பின் மேக்னட்ரானில் இரண்டு இருக்கும்; வில் வடிவத் துண்டுகளாக வாகனத் துடைப்பான் மோட்டாரின் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும்; குளிர்பதனப் பெட்டியின் கதவோரப் பட்டையில் இருப்பதும் ரப்பரில் கலந்த இதே தூள்தான். அவற்றை இனிமேல்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். மின்மாற்றிகளிலும் வானொலி ஆன்டெனாத் தண்டிலும் உள்ள கறுப்பு ஃபெரைட் வேறு. மாங்கனீசு, நிக்கல், துத்தநாகம் கலந்த அந்த மென்ஃபெரைட் காந்தத்தைத் தேக்கிவைக்காது.

ஒலிபெருக்கி பெட்டிக்குள் திரும்பி ஏழு வாரங்கள் ஆகின்றன. 20 ஹெர்ட்ஸிலிருந்து மேல்நோக்கி ஒரே சீராக ஏறும் ஒலியைக் குறைந்த அளவிலும் மிகுந்த அளவிலும் செலுத்திப் பார்த்தேன். உரசல் எந்த இடத்திலும் இல்லை. ஹோஸ் கிளாம்ப்பைக் கழற்றவில்லை. எபாக்சி ஒருநாள் தளர்ந்தாலும் துண்டுகள் விலகாமலிருக்க, அது வளையத்தைச் சுற்றி அப்படியே இருக்கிறது.